விற்று முடியாத வீட்டில் பால் காய்ச்சியது

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் அடுத்தவர்களுக்கு வீட்டுக் கதவு திறந்துவிட்டவன். லண்டனில் மனோர் பார்க், பார்க்கிங் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில் நான் திறக்காத முன்கதவு குறைவு. ஆனால் எங்களுக்கென்று வீடு வாங்கும் நாள் வந்தபோது என் மனைவி வீடு விற்றுக் கொடுக்கும் வேறொரு எஸ்டேட் ஏஜென்டிடம் போனாள். "உங்களை நம்பி வீடு வாங்க ஏலாதப்பா. நீங்கள் விக்கிற ஆளின்ர பக்கம்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள். என் தொழிலைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரே தமிழ் வாடிக்கையாளர் அவள்தான். அவளையும் எதிர்க்கடைக்காரன் கொண்டுபோய்விட்டான்.

முழங்கால் படி ஏற மறுத்தபோது வேலையை விட்டேன். போன மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இப்போது வீட்டுக்கு விலை கேட்கும் ஒஃபர் எல்லாம் திரையில் வருகிறதாம். பெயர் ஒரு கட்டத்தில், தொகை ஒரு கட்டத்தில், கீழே ஒரு பச்சைப் பொத்தான். "முந்தி வாயாலயோ ஒஃபர் சொல்லுறவை, அங்கிள்?" என்று ஒருத்தி கேட்டாள். ஓம், வாயால்தான் சொன்னார்கள், சில பேர் அழுதுகொண்டும் சொன்னார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பேசினால் குறுக்கே பிரியாணி வருகிறது என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விலைகளை எழுதப்போவதில்லை. 2009-இன் விலையைப் படித்துவிட்டு இன்றைக்கு வீடு தேடும் யாருக்காவது நெஞ்சு வலித்தால் நான் பொறுப்பேற்க ஏலாது. மற்றது, இந்தக் கதையில் ஆங்கிலேயர்களும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் என் தலைக்குள் இத்தனை வருடமாக அப்படித்தான் இருக்கிறார்கள்.

தொழில் பழகிய கதை பெரிதாக இல்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, பிறகு கடிதப் பெட்டிகளுக்குள் விளம்பரத் தாள் போடும் வேலை. அந்தத் தாள்களை அச்சடித்துக் கொடுத்த ஏஜென்ட்டின் கடைக்குள் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேன். தமிழ்க் குடும்பம் ஒன்று உள்ளே தவித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது. கடன் வாங்கிய கோட்டோடு வேலைக்குப் போனேன், கோட்டின் கை எனக்கு நீளம்.

வேலை தந்தவர் மால்கம். கிளை மேனேஜர். மெலிந்த மனிதர், எல்லாப் பொத்தானும் பூட்டிய உள்கோட், பாலில்லாத தேநீர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நம் குற்றத்தின் அளவை அறியலாம். காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பார்.

"உமக்குச் சம்பளம் ஆர் தாறது, நேசன்?"

"விக்கிற ஆள், மால்கம்."

"வாங்கிற ஆக்களுக்கு என்ன குடுக்கிறனீர்?"

"மரியாதை."

"வேற?"

"ஒண்டுமில்லை."

ஒஃபர் ஒன்றைச் சொல்லும் முறையை அவர்தான் பழக்கினார். விற்பவருக்கு உடனே போன் எடுக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், தொகை, கடனா கைக்காசா, எப்போது வீடு மாற முடியும். இந்த நான்கையும் இந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். அதே நாளில் கடிதமும் போக வேண்டும். "சொல்லி முடிச்ச உடன வாயை மூடும். அதுக்குப் பிறகு முதல் வாய் திறக்கிற ஆள்தான் இறங்கிறது." போனின் மறுமுனையில் ஆள் யோசிக்கும்போது பேசாமல் இருப்பது யாழ்ப்பாணத்தானுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது. நான் மேசை லாச்சியில் டொஃபி வைத்திருந்தேன். தொகையைச் சொன்னதும் ஒன்றை வாயில் போட்டுப் பற்களை ஒட்டிக்கொள்வேன். என் தொழில் முன்னேற்றத்தின் பாதி பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஆட்களோடு வந்த சிக்கல் வேறு விதம். தமிழ் முகத்தைக் கண்டதும் அவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்துவார்கள். "அண்ணை, நீங்கள் எங்கட ஆள். உள்ளதைச் சொல்லுறன். எங்களால கடைசியா ஏலுமானது..." நான் இரண்டு கையையும் தூக்கிவிடுவேன். "சொல்லாதேங்கோ! சொன்னா நான் விக்கிற ஆளுக்குச் சொல்லவேணும். அதுதான் என்ர வேலை." அவர்கள் சிரிப்பார்கள், நான் பகிடி விடுகிறேன் என்று. முகத்தில் பகிடி எழுதி ஒட்டியவன் உண்மை சொன்னால் இதுதான் நடக்கும்.

2009-இல் யோகனும் வதனியும் வந்தார்கள்.

யோகன் ஜெர்மனியில் பல வருடம் இத்தாலியச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்றவன். பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து, பேக்கரிக்குப் பாண் ஏற்றும் வான் ஓட்டிக்கொண்டிருந்தான். வதனிக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. மனோர் பார்க்கில் பரமண்ணையின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தார்கள், மகளைச் சுவர்ப்பக்கம் படுக்க வைத்துக்கொண்டு. பரமண்ணை எங்கள் பகுதியில் ஆறேழு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த மனிதர்.

வங்கிகள் விழுந்து எழும்பிக்கொண்டிருந்த வருடம் அது. கையிலிருந்து போடும் குறைந்த டெபொசிட்டுக்குக் கடன் கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. யோகனுக்கு ஒரே ஒரு வங்கி ஓம் என்றிருந்தது. அவனுடைய புரோக்கர் அப்போதே எச்சரித்துவிட்டார். இந்தத் திட்டம் செப்டெம்பரோடு மூடுகிறது, அதற்குள் வீடு எழுதி முடிக்காவிட்டால் இனி டெபொசிட் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். அவ்வளவு சேர்க்க யோகன் இன்னொரு பிறவி பாண் வான் ஓட வேண்டும். ஆகவே இந்த வீடு, இல்லாவிட்டால் அந்த ஓர் அறை.

வீடு ரயில் பாதைக்குப் பின்னால், வரிசை வீடுகளில் ஒன்று. டோரின் என்ற வயதான விதவையின் வீடு. கடற்கரைப் பக்கம் இருந்த மகள் லொரெய்னோடு போய் இருக்கப்போகிறார். வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் வியூயிங்கின்போது நான் கடைசியில்தான் நடப்பேன். குசினிக்குள் பெண்ணை முதலில் போகவிட வேண்டும். அவள் அடுப்புக்கு முன்னால் நின்று கையை எங்கே வைக்கிறாள் என்று பார்த்தால் போதும். வதனி டோரினின் கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று, தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன்.

யோகன் சட்டைப்பையிலிருந்து சிறிய திசைகாட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சுற்றினான். அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருக்கிறதா என்று பார்க்க.

"சுவரில ஈரம் பாக்கிறியோ ராசா?" என்றார் டோரின். "ஈரம் மேல, குளியலறையில. இஞ்ச இல்லை."

யோகன் இதையும் விலை குறைக்க வந்த வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, சுவரைத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, "வீடு பழசு," என்றான். சந்தையில் கத்தரிக்காயைப் பார்க்கும் அதே முகம்.

"நானும் பழசுதான்," என்றார் டோரின்.

முதல் ஒஃபரை, தாயின் சார்பில் பேசிய லொரெய்ன் தூக்கி எறிந்தார். இரண்டாவதை நான் போனில் சொல்லி டொஃபியை வாயில் போட்டேன். டொஃபி கரைந்து முடியும் நேரத்தில் லொரெய்ன் ஓம் என்றார். வீட்டுக்கு முன்னால் நின்ற 'விற்பனைக்கு' போர்ட் மாறியது.

அன்று பின்னேரம் இருவரும் இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். நான் அவர்களை உட்காரவைத்தேன்.

"தம்பி, இஞ்ச ஓம் எண்டு சொன்னது இன்னும் ஓம் இல்லை. ரெண்டு பக்கத்துச் சொலிசிட்டரும் கையெழுத்து வைச்ச கொன்ட்ராக்டை ஆளுக்காள் மாத்தும் வரைக்கும் அவையும் விலகலாம், நீங்களும் விலகலாம்."

"ஜெர்மனியில நொட்டார் எண்டு பத்திரம் எழுதிற ஆளுக்கு முன்னால ஒருக்கா இருந்தாச் சரி அண்ணை. இதென்ன நாடு?"

"ஆறுதலா முடிவெடுக்கிற நாடு."

வதனி இனிப்புப் பெட்டியை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. முகம் வெளிறியிருந்தது. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆவணி நடுவில் வங்கி தன் ஆளை வீட்டுக்கு அனுப்பியது. அவர் ஒரு சிகரெட் முடியும் நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டின் பெறுமதியை நாங்கள் பேசி முடித்த விலைக்குக் கீழே எழுதிவிட்டார். வங்கி அந்தப் பெறுமதிக்குத்தான் கடன் கொடுக்கும். மிச்சத்தை யோகன் கையிலிருந்து போட வேண்டும். கையில் இல்லை. விற்பவர் விலையைக் குறைத்தால்தான் உண்டு.

செய்தி சொல்ல அவர்களைக் கூப்பிட்டேன். யோகன் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். வதனி வேறொன்றைக் கேட்டாள்.

"அண்ணை, அந்த மனுசியின்ர அடுப்பில ஒருக்காப் பால் காச்ச விடுவாவோ?"

எனக்கு விளங்கவில்லை. பால் காய்ச்சுவது வீடு குடிபூரும் நாளில் அல்லவா? கதவைத் திறக்கும் திறப்பே கைக்கு வராத வீட்டில் யார் பால் காய்ச்சுவார்கள்?

"வாற வெள்ளிக்கிழமைதான் ஆவணியில கடைசி நல்ல நாள். பிறகு புரட்டாதி பிறந்திடும்."

"தங்கச்சி, ஐப்பசியில காச்சலாம்தானே?"

யோகன்தான் பதில் சொன்னான். "இவ தாயிட்டச் சொல்லிப்போட்டா, அண்ணை."

வதனியின் தாய் அப்போது முகாமில் இருந்தார். வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த பிறகு மாதக்கணக்காக எந்தத் தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நாட்கள். பிறகு யாரோ ஒருவரின் போனிலிருந்து ஒரு அழைப்பு. பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் வதனி, "அம்மா, நாங்கள் வீடு வாங்கிட்டம்," என்றிருக்கிறாள். அன்றுதான் ஒஃபருக்கு ஓம் கிடைத்த நாள். தாய் கேட்ட ஒரே கேள்வி, "எப்ப பால் காச்சிறியள்?" வதனி கலண்டரைப் பார்த்து, ஆவணியின் கடைசி நல்ல நாளான இந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிட்டாள். அந்தக் காலையில் தான் அங்கே விரதம் இருந்து கும்பிடுவதாகத் தாய் சொன்னாராம். பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை.

"அம்மா அங்க சாப்பிடாமல் இருப்பா, அண்ணை. நான் இஞ்ச சும்மா இருக்க ஏலுமோ?"

என் தொழில் மூளை அப்போதும் வேலை செய்தது. அந்த மூளையை நினைத்து எனக்குப் பெருமை இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போகும் கிழமை இது. குறைக்காவிட்டால் போய்விடுவார்கள் என்று விற்பவர் நினைத்தால்தான் குறைப்பார். வீட்டுக்குள் போய்ப் பால் காய்ச்சிக் கும்பிட்டவர்கள் போக மாட்டார்கள் என்பது ஒரு குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

மால்கமிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார்.

"பொங்கி வழியவேணுமோ?"

"ஓம். வழிஞ்சாத்தான் நல்லது."

"இந்த வேலையில திரைச்சீலைக்கு அளவெடுக்க விடச் சொல்லிக் கேட்டவையைக் கண்டிருக்கிறன். கதவால பியானோ போகுமோ எண்டு பாத்தவையைக் கண்டிருக்கிறன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "குசினி டோரின்ர. அவவிட்டக் கேளும். ஆனா முதல் விலைக் கதையைச் சொல்லும். அடுப்பைக் கேட்டு வாங்கிப்போட்டுப் பிறகு காசைக் குறைக்கச் சொல்லுறது முறையில்லை. அவ உமக்குச் சம்பளம் தாறவ."

அந்த வரிசையிலேயே கேட்டேன். விலையைப் பற்றி, "லொரெய்னோட கதைக்கவேணும்," என்றார் டோரின். பாலைப் பற்றிக் கேட்டுவிட்டு மேசை லாச்சிக்குள் கையை விட்டேன். டொஃபி தீர்ந்துபோன நாள் அது.

"தாய் உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம், டோரின்."

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லு ராசா. இடப்பக்க அடுப்பு சரியில்லை, வலப்பக்கம்தான் எரியும்."

நான் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு புதன்கிழமை வரைதான் நின்றது. புதன்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு பரமண்ணை உள்ளே வந்தார்.

"நேசன், என்ர மேல்வீட்டுப் பெடியன் பாத்த வீடு. பாங்க் விலையைக் குறைச்சுப் போட்டுதாம், லோன் காணாதாம் எண்டு கேள்வி. பேசின விலைக்கு நான் எடுக்கிறன். லோன் இல்லை, கைக்காசு."

"பரமண்ணை, அவை உங்கட வீட்டில இருக்கிற ஆக்கள்."

"அதாலதானே எனக்குத் தெரிஞ்சது. விழப்போற வீட்டை ஆரோ ஒருத்தன் எடுக்கத்தானே போறான். அது நானா இருந்தா என்ன? பழக்கம் வேற, வியாபாரம் வேற. அவைக்கு என்ர பேரைச் சொல்லாதையும்."

சொல்ல ஏலாதுதான். சட்டப்படியும் மால்கம்படியும் அந்த ஒஃபரை நான் விற்பவருக்கு உடனே சொல்ல வேண்டும். இன்னொரு ஒஃபர் இருக்கிறது என்று மட்டும் யோகனுக்குச் சொல்லலாம். எவ்வளவு, யார் என்று சொல்லக்கூடாது. பெயர், தொகை, கைக்காசு, எப்போது வேண்டுமானாலும் வீடு மாறலாம் என்று லொரெய்னுக்கு வரிசையாகச் சொன்னேன். இந்த முறை வாயை மூட எந்த உதவியும் தேவைப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை நானும் வாறன்," என்றார் லொரெய்ன். "அம்மா இரக்கப்பட்டு ஏதும் சொல்லிப்போடுவா."

வியாழக்கிழமை வதனி மட்டும் வந்தாள். இன்னொரு ஒஃபர் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"ஆர் அண்ணை?"

"சொல்ல ஏலாது, தங்கச்சி."

"தமிழ் ஆளோ?"

நான் மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடினேன். லாச்சி காலியாக இருந்தது. காலி லாச்சியை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? நிமிர்ந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லி வதனி சேலையில் வந்திருந்தாள். நிறைகுடம், தேங்காய், சிறிய பிள்ளையார் படம், புதுப் பாத்திரம். டோரின் குசினி மேசையைத் துடைத்து, தன்னுடைய நல்ல தட்டு ஒன்றைப் பிள்ளையாருக்குக் கீழே வைக்கச் சொல்லிக் கொடுத்தார். லொரெய்ன் கார்த் திறப்பைக் கையில் வைத்தபடி வாசலோரம் கதிரையில் இருந்தார். மகள் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்பு பற்றியது. எல்லோரும் பாத்திரத்தைப் பார்த்தோம். விளிம்போரம் சிறு குமிழ்கள் வந்தன. பாலாடை அசைந்தது. பால் ஒரு பெருமூச்சு போல மேலே எழும்பியது. வதனி கைகளைக் கூப்பினாள்.

அந்த நேரம் டோரின் எட்டிப் பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார்.

பால் அப்படியே உட்கார்ந்தது.

"வழியப் பாத்தது," என்றார் டோரின், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

யோகன் கண்ணை மூடிக்கொண்டான். வதனி அழவில்லை. பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே ஒரு ரயில் போனது. நான் விளக்கம் சொல்ல வேண்டியவன். கடைசியில் மகள்தான் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அது வழியவேணும். வழிஞ்சாத்தான் வீடு எங்களுக்கு."

டோரின் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "இந்த அடுப்புக்கு முன்னால நிண்ட காலம் முழுக்க நான் இது வழியாமல் பாத்துக்கொண்டனான்," என்றார். "ஆரும் எனக்குச் சொல்லயில்லை." அவரே திரும்ப அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விலகி நின்றார். பால் மறுபடி எழும்பியபோது அவருடைய தோள் துடித்தது. கையை விடவில்லை. பால் விளிம்பைத் தாண்டி, சுவர்ப்பக்கமாக வழிந்து, நெருப்பில் சீறியது. கருகல் மணம் குசினியை நிறைத்தது.

"கிழக்கு!" என்றான் யோகன்.

வதனி மிச்சப் பாலில் சீனியும் ஏலக்காயும் போட்டு, டோரினுக்கு ஒரு கப்பில் கொடுத்தாள். "பல்லுக் கூசுது," என்று சொல்லிக்கொண்டே அவர் முழுவதையும் குடித்தார். லொரெய்ன் வேண்டாமென்றார். மீதியை வதனி ஒரு பிளாஸ்கில் ஊற்றி மூடினாள்.

லொரெய்ன் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார். நான் பயந்தது அப்படியே வந்தது.

"இவை இந்த வீட்டை விட்டுட்டுப் போக மாட்டினம். பிறகு நாங்கள் ஏன் விலையைக் குறைக்கவேணும்?"

"போக மாட்டினம். ஆனா பாங்க் தராத காசு அவையிட்ட இல்லை. அது உண்மை, லொரெய்ன்."

"அப்ப கைக்காசுக்காரருக்குக் குடுப்பம். திங்கக்கிழமை எழுதித் தாறன்." உள்ளே எட்டிப் பார்த்து, குரலைக் குறைத்தார். "நான் கெட்டவள் இல்லை. அம்மாவை நான்தான் வைச்சுப் பாக்கவேணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. சம்பளம் தருபவரின் பக்கம் நியாயம் இருக்கும்போது என்னைப் போன்றவனுக்கு வேறு வேலையும் இல்லை. உள்ளே டோரின் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளின் வீட்டில் இருக்கப்போகிறவர். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அந்தச் சனி ஞாயிறு எங்கள் வீட்டில் நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். யோகன் திரும்பத் திரும்பப் போன் எடுத்தான். "ஏதும் தெரியுமோ அண்ணை?" தெரியும். சொல்ல ஏலாது. "இன்னும் இல்லை, தம்பி." மனைவி என் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "விக்கிற ஆளின்ர பக்கம் நிண்டா பசிக்காதோ?" என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்து கோட்டைக் கழற்ற முன்பே போன் அடித்தது. லொரெய்ன் என்று நினைத்து எடுத்தேன். பரமண்ணை.

"நேசன், அந்த வீடு எனக்கு வேண்டாம்."

"என்னண்ணை திடீரெண்டு?"

"அந்த வீட்டில பால் காச்சினதாமே?"

"ஆர் சொன்னது?"

"என்ர மனுசி குடிச்சுப்போட்டா, ஐசே! வெள்ளிக்கிழமை பிளாஸ்கில கொண்டுவந்து குடுத்திருக்குது அந்தப் பிள்ளை. இவ ரெண்டு கிளாஸ் குடிச்சுப்போட்டு, எந்த வீடு எண்டு கேட்டிருக்கிறா. நான் எடுக்கப்போற வீடெண்டு பிடிபட்டிட்டுது. இப்ப என்னோட கதைக்கிறா இல்லை. ஒரு பிள்ளை பால் காச்சிக் கும்பிட்ட வீட்டை, அந்தப் பாலையும் குடிச்சுப்போட்டுப் பறிக்கிறதோ, அந்த வயித்தெரிச்சல் எங்கட பிள்ளையளைச் சுத்தாதோ எண்டு சனிக்கிழமை துடங்கினவ. சாப்பாடும் இல்லை."

"அண்ணை, நீங்கள் வாடகைக்கு விடத்தானே எடுக்கிறியள்?"

"அதை நீர் வந்து என்ர மனுசிக்குச் சொல்லும்," என்று வைத்துவிட்டார்.

மால்கமிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் துடைத்தார். நான் அந்த அலுவலகத்தில் கண்ட மிக நீளமான துடைப்பு அதுதான்.

"அந்த ஆக்களுக்கு மற்ற ஒஃபர் ஆரின்ர எண்டு நீர் சொன்னனீரோ?"

"இல்லை, மால்கம்."

"என்னைப் பாத்துச் சொல்லும்."

"சொல்லயில்லை. ஆர் எண்டு கேட்டவை. நான் லாச்சியைப் பாத்தனான்."

அவர் என்னைப் பார்த்தார். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். பெற்றோல் ஷெட்டின் மணம்கூட மூக்கில் வந்தது. கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"லாச்சியைப் பாக்கிறது குற்றமில்லை," என்றார். "விலகினதுக்குக் காரணம் என்ன எண்டு எழுதிறது?"

"தனிப்பட்ட காரணம்."

"நல்லது." வெள்ளிக்கிழமையிலிருந்து தாயோடு தங்கியிருந்த லொரெய்னுக்குத் தானே போன் எடுத்தார். பெயர் சொன்னார், விலகிவிட்டார் என்றார், வங்கி போட்ட விலைக்கு யோகனின் ஒஃபர் இன்னும் இருக்கிறது என்றார். பிறகு பேசாமல் இருந்தார். நான் அவருடைய உள்கோட்டின் பொத்தான்களை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றி, போனது. மறுமுனையில் ஏதோ இழுபறி. பிறகு டோரினின் குரல் எனக்கே கேட்டது.

"பாங்க் சொன்ன விலைக்கே குடு, லொரெய்ன். திரும்பவும் ஒரு குடும்பம் வந்து பால் காச்சினா, அடுப்பைத் தேய்க்க எனக்கு ஏலாது."

செப்டெம்பர் முடிய முன் கொன்ட்ராக்ட் மாறியது. மாறும் நாள்வரை நான் சொலிசிட்டர்களுக்கு எடுத்த போனில் ஒரு சின்ன நாட்டையே இணைத்திருக்கலாம். கடைசி நாள் பின்னேரம்தான் வங்கியிலிருந்து ஓம் என்ற தகவல் வந்தது. யோகன் வானைத் தெருவோரம் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுததாகப் பிறகு சொன்னான்.

திறப்புக் கொடுக்க நானே வீட்டுக்குப் போனேன். யோகன் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். வதனி வாசலில் நின்றாள்.

"தங்கச்சி, அண்டைக்கு அந்தப் பாலை ஆர் ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"கிட்டடியில இருக்கிற எல்லாருக்கும் குடுத்தனான், அண்ணை."

"பரமண்ணை வீட்டுக்கு?"

"முதல் அங்கதான் கொண்டுபோனனான். வீட்டுக்காரர் எல்லோ. பாங்க் கதையும் அவையிட்ட மட்டும்தான் சொன்னனாங்கள்." முந்தானையைச் சரிசெய்தாள். "அக்கா எந்த வீடு எண்டு கேட்டவ. சொன்னனான். தெருவையும் கேட்டவ. சொன்னனான். நம்பரை அவ கேக்கயில்லை. அதையும் சொன்னனான்."

அவளுடைய முகத்தில் நான் எதையாவது கண்டேனா என்று யாராவது கேட்டால், நான் காணவில்லை. அந்த முகத்தை மால்கம் பார்த்திருந்தால் என் மேசையை அவளுக்குக் கொடுத்திருப்பார்.

"நேற்று அம்மா திரும்ப எடுத்தவ," என்றாள். "வீடு எப்பிடி எண்டு கேக்கயில்லை. பால் எந்தப் பக்கம் வழிஞ்சது எண்டுதான் கேட்டவ. கிழக்கால எண்டு சொன்னன். கொஞ்சம் பிந்தித்தான் வழிஞ்சது எண்டு சொல்லயில்லை. அது பொய் இல்லைத்தானே, அண்ணை?"

"இல்லை, தங்கச்சி," என்றேன். "நானும் பாத்தனான்."